குடல் புற்றுநோயை வரவிடாமல் தடுக்கும் மருத்துவர் ஆக விரும்புகிறவர்களுக்கு

ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு அமெரிக்காவுக்கு வரத் தயாராகும் பிள்ளைகள் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னைக் கூப்பிடுவார்கள். பேச்சு இருதயத்தில் தொடங்கும், இல்லையென்றால் கேன்சர் மருத்துவத்தில் தொடங்கும். குடல் பக்கம் வரப் பிரியப்படுகிறவர்கள்கூட ஈரல் மாற்று, கணையம், சிக்கலான எண்டோஸ்கோபி என்றுதான் கேட்பார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாமல் நன்றாக நடமாடுகிற ஒருவருக்குக் கொலனோஸ்கோபி (ஸ்கோப் என்கிற கேமராக் குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்து, மிளகளவு பாலிப் ஒன்றை எடுத்துவிட்டு, "இனி ஏழு வருடம் கழித்து வந்தால் போதும்" என்று அனுப்பிவைக்கிற வேலையை வாழ்நாள் வேலையாகச் செய்ய வேண்டும் என்று போன மாதம்தான் ஒரு பெண் கேட்டாள். அப்பாவை 52 வயதில் குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவள். அவளிடம் போனில் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் வேலை பார்ப்பது அமெரிக்காவில் என்பதால் வழியும் பெரும்பாலும் அந்த நாட்டு வழிதான். இங்கிலாந்து, இந்தியா பற்றித் தேவையான இடத்தில் சொல்கிறேன்.

முதலில், வேலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சியில்தான் தொடங்குகிறது. அடினோமா வகைப் பாலிப் ஒன்று புற்றாக மாற ஏறத்தாழ 10 வருடம் பிடிக்கும், பல பாலிப்புகள் மாறுவதே இல்லை. அந்த இடைவெளியில் உள்ளே போய் எடுத்துவிட்டால் வரவேண்டிய நோய் வராது. வேறு எத்தனை புற்றுநோய்க்கு இப்படி ஓர் இடைவெளி கிடைக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

1969இல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் ஸ்கோப் வழியாகக் கம்பிக் கண்ணியை விட்டுப் பாலிப்பை அறுத்து எடுத்தார்கள். அதற்கு முன்பு குடலின் மேல்பகுதியில் பாலிப் இருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டும். ஆனால் எடுத்தால் புற்றுநோய் நிஜமாகவே குறைகிறதா என்பது அப்போது யாருக்கும் தெரியாது, நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. அதைக் கணக்குப் போட்டுக் காட்டியது சிட்னி வினாவர் தலைமையில் நடந்த தேசியப் பாலிப் ஆய்வு. அடினோமா எடுக்கப்பட்ட 1,418 பேரைத் தொடர்ந்து பார்த்து, எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 சதவீதம் வரை புற்றுநோய் குறைந்திருக்கிறது என்று 1993இல் வெளியிட்டார்கள். 2012இல் அதே குழு இறப்புக் கணக்கையும் கொண்டுவந்தது: 53 சதவீதம் குறைவு. 1993 கட்டுரையையும் 2012 கட்டுரையையும் அடுத்தடுத்து உட்கார்ந்து படியுங்கள். ஒரு கேள்விக்கு விடை தேடி ஒரு மருத்துவர் 20 வருடத்துக்கு மேல் அதே இடத்தில் நின்றிருக்கிறார். இந்தத் துறையில் வேலையின் வேகம் அப்படித்தான் இருக்கும், அதற்கு மனம் ஒப்புகிறதா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். "டாக்டர், என் உயிரைக் காப்பாற்றினீர்கள்" என்று இங்கே ரொம்பப் பேர் சொல்ல மாட்டார்கள். வராமல் போன நோய்க்கு யார் நன்றி சொல்வார்கள்?

அப்புறம் இன்னொன்று. உங்கள் மேசையில் படுத்திருப்பவர் நோயாளி இல்லை. காலையில் நடைப்பயிற்சி போய்விட்டு வந்தவர். இருதய அடைப்போடு வருபவரிடம் எடுக்கிற துணிச்சலை இவரிடம் எடுக்கக் கூடாது. ஸ்கிரீனிங், அதாவது அறிகுறி இல்லாதவருக்கு முன்கூட்டியே செய்கிற கொலனோஸ்கோபியில் குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது தரக்கணக்கு. அந்த ஒன்று நலமாக வந்த மனிதருக்கு நடக்கும்போது அதன் கனம் வேறு.

படிப்புப் பாதை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்ற இடங்களில் விரிவாகக் கிடைக்கும். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு யு.எஸ்.எம்.எல்.இ. என்கிற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகள். முதல் தேர்வு 2022 ஜனவரியிலிருந்து தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே வருவதால் இரண்டாம் தேர்வின் மதிப்பெண்ணுக்குக் கனம் கூடிவிட்டது. பிறகு 3 வருடம் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி (பொது மருத்துவப் பயிற்சி), அதற்குப் பிறகு 3 வருடம் கேஸ்ட்ரோஎன்டராலஜி ஃபெல்லோஷிப் (குடல், ஈரல் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி). இந்த ஃபெல்லோஷிப்புக்குப் போட்டி கடுமை, வெளிநாட்டில் படித்து வந்தவர்களுக்கு இன்னும் கடுமை. ரெசிடென்சியின் முதல் வருடத்திலேயே கையில் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது அதனால்தான். என்ன வேலை என்று கீழே சொல்கிறேன்.

ஜே-1 விசாவில் வருபவர்கள் பயிற்சி முடிந்ததும் 2 வருடம் ஊருக்குத் திரும்ப வேண்டும், அல்லது மருத்துவர் தட்டுப்பாடுள்ள பகுதியில் 3 வருடம் வேலை செய்து விலக்கு வாங்க வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் வருடத்துக்கு 30 பேருக்கு இந்த விலக்கைப் பரிந்துரைக்கலாம், சில மாநிலங்கள் சிறப்பு மருத்துவர்களையும் எடுத்துக்கொள்கின்றன. இதைத் தண்டனை போலப் பேசுகிறார்கள் நம் பிள்ளைகள். எனக்கு அது உடன்பாடில்லை. ஸ்கிரீனிங்கே எட்டாத ஊர்கள் பெரும்பாலும் அவைதான். 100 மைல் சுற்றளவில் கொலனோஸ்கோபி செய்ய ஆள் இல்லாத இடத்தில் நீங்கள் போய் உட்காரும்போது முதல் ஆறு மாதத்திலேயே என்ன மாறுகிறது என்று கண்ணால் பார்க்கலாம், பெரிய நகரத்தில் அந்த வாய்ப்பு கிடைக்காது.

இங்கிலாந்தில் தேசியக் குடல் புற்றுநோய் ஸ்கிரீனிங் திட்டம் 2006இல் தொடங்கியது. அங்கே ஸ்கிரீனிங் கொலனோஸ்கோபி செய்ய, சாதாரணப் பயிற்சிக்கு மேல் தனியாக ஒரு தகுதித் தேர்வைத் தாண்ட வேண்டும். அதை நான் மனதார வரவேற்கிறேன். இந்தியாவில் எம்.டி. முடித்து, நீட் சூப்பர் ஸ்பெஷாலிட்டி தேர்வு எழுதி, 3 வருடம் டி.எம். என்கிற சிறப்புப் பட்டம் படிக்க வேண்டும். ஆனால் அரசின் மக்கள்தொகை அளவிலான புற்றுநோய்ப் பரிசோதனையில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றும்தான் இருக்கின்றன, குடல் இல்லை. அங்கே கொலனோஸ்கோபிக்கு வருபவர் அநேகமாக ஏதோ ஓர் அறிகுறியோடுதான் வருவார்.

ஸ்கோப் பிடிக்காமலும் இந்த வேலை செய்யலாம் என்பதை மறக்க வேண்டாம். குடும்ப மருத்துவராக, பொது மருத்துவராக இருந்துகொண்டு உங்களிடம் வரும் 45 வயதுக்காரர் ஒவ்வொருவரையும் விடாமல் கேட்பவர் ஒரு நல்ல எண்டோஸ்கோபிக்காரருக்குக் குறைந்தவர் இல்லை.

கை பழகுவது

அமெரிக்க எண்டோஸ்கோபிச் சங்கத்தின் கணக்குப்படி ஒருவரின் திறமையை மதிப்பிடவே குறைந்தது 275 கொலனோஸ்கோபி செய்திருக்க வேண்டும். அந்த எண்ணைத் தொட்டதும் கை வந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. தொடக்கத்தில் எல்லோரும் செய்கிற பிழை, தள்ளுவது. குடலில் ஸ்கோப் வளையம் போட்டுக்கொண்டால் தள்ளத் தள்ள நுனி பின்னால் போகும், வலி கூடும். கொஞ்சம் பின்னால் இழுத்து, முறுக்கி, வளையத்தை நேராக்கினால் தானாக முன்னே போகும். காற்றைக் குறைத்துத் தண்ணீர் விட்டுப் போகப் பழகுங்கள். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதை, நர்ஸை வயிற்றில் அழுத்தச் சொல்வதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். 20 வருட அனுபவம் உள்ள எண்டோஸ்கோபி நர்ஸ் "டாக்டர், வளையம் போடுது" என்றால் உடனே நிறுத்துங்கள், அவர் சொன்னது நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருக்கும்.

சீக்கம் வரை, அதாவது சிறுகுடல் வந்து சேரும் பெருங்குடலின் தொடக்கம் வரை, போய்ச் சேர்ந்ததும் குடல்வால் துளையையும் சிறுகுடல் வாயையும் படம் எடுங்கள். இந்த இடத்தில்தான் பயிற்சிக்காரர்கள் மூச்சை விட்டுவிட்டு "முடிந்தது" என்று நினைக்கிறார்கள். உண்மையில் அங்கேதான் ஸ்கிரீனிங் தொடங்குகிறது. பாலிப் தேடுவது வெளியே வரும் வழியில். 2006இல் பார்க்லேயும் அவரோடு வேலை செய்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், ஸ்கோப்பை வெளியே எடுக்க 6 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட மருத்துவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் பாலிப் கண்டுபிடித்தார்கள். ரொம்ப நாள் அந்த 6 நிமிடம்தான் அளவுகோல். 2024இல் வந்த அமெரிக்கத் தரக்குறிப்பு அதை 8 ஆக உயர்த்தியது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதற்கான 8 நிமிடம் இல்லை அது. ஒவ்வொரு மடிப்புக்கும் பின்னால் எட்டிப் பார்க்க, தேங்கி நிற்பதைக் கழுவி உறிஞ்ச, வலப்பக்கக் குடலை இன்னொரு முறை பார்க்க.

வலப்பக்கக் குடலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஃபெல்லோஷிப்பின் இரண்டாம் வருடம், வலப்பக்கத்தில் ஒரு மடிப்பின்மேல் மஞ்சளாகக் கொஞ்சம் சளி ஒட்டியிருந்தது. வயிறு சரியாகச் சுத்தமாகவில்லை என்று எண்ணிக்கொண்டு தாண்டிப் போனேன். பின்னால் நின்ற ஆசிரியர் என் தோளைத் தொட்டு, "திரும்பிப் போ, அந்தச் சளியைக் கழுவு" என்றார். கழுவினால் கீழே தட்டையாக, மேகம் படிந்த மாதிரி வெளிறிய ஒரு திட்டு, ஒன்றரை சென்டிமீட்டர். செரேட்டட் பாலிப். பக்கத்துத் தோலோடு கலந்துவிடும், இரத்தம் கசியாது, மலப் பரிசோதனையில் சுலபமாகத் தப்பிவிடும், மேலே சளித் தொப்பி மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவர் இல்லாத அறையில் நான் தனியாக இருந்திருந்தால் அந்த அம்மாவிடம் "எல்லாம் நன்றாக இருக்கிறது, 10 வருடம் கழித்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். இன்றும் வலப்பக்கத்தில் எங்கே சளி ஒட்டியிருந்தாலும் கழுவாமல் நகர்வதில்லை.

சின்னப் பாலிப்பை எடுக்க இப்போது மின்சாரம் தேவையில்லை. 10 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் குளிர் கண்ணியால், சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து அறுத்து எடுங்கள். பெரியது, தட்டையானது, உங்கள் கைக்கு மீறியது என்றால் பாதி எடுத்துவிட்டு விடாதீர்கள். படம் எடுத்து, அருகில் மை வைத்து, அதில் தேர்ந்தவரிடம் அனுப்புங்கள். பாதி எடுத்த பாலிப்பின் தழும்பு அடுத்தவருக்குப் பெரிய சங்கடம்.

உங்கள் எண்ணை நீங்களே எழுதுங்கள்

ஸ்கிரீனிங்குக்கு வந்த 100 பேரில் எத்தனை பேரிடம் குறைந்தது ஓர் அடினோமாவாவது கண்டுபிடித்தீர்கள் என்பதை ஏ.டி.ஆர். என்பார்கள். அலுப்பான தரக்கணக்கு போலத் தோன்றும், ஆனால் இந்த ஓர் எண்ணில் உயிர் இருக்கிறது. போலந்தில் மிகால் காமின்ஸ்கியின் குழு 2010இல் காட்டியது: ஏ.டி.ஆர். 20 சதவீதத்துக்குக் குறைவாக உள்ள மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொண்டவர்களுக்குப் பிற்பாடு புற்றுநோய் வரும் அபாயம் தெளிவாகக் கூடுதல். 2014இல் டக்ளஸ் கார்லி குழு கலிஃபோர்னியாவில் 136 மருத்துவர்கள் செய்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கொலனோஸ்கோபிகளை எடுத்துப் பார்த்தது. ஏ.டி.ஆர். ஒரு சதவீதம் கூடினால் பிற்பாடு வரும் புற்றுநோய் அபாயம் 3 சதவீதம் குறைகிறது. ஒரே கட்டடத்தில், ஒரே கருவியை வைத்துக்கொண்டு, பக்கத்துப் பக்கத்து அறையில் வேலை செய்யும் இரண்டு மருத்துவர்களில் யாரிடம் போகிறீர்கள் என்பதே நோயாளியின் விதியை மாற்றுகிறது என்றால் நமக்குப் பதற வேண்டாமா?

இப்போதைய இலக்கு 45 வயதுக்கு மேற்பட்டவர்களில் 35 சதவீதம். பயிற்சியில் இருக்கும்போதே ஒரு நோட்டு போடுங்கள், பெயர் வேண்டாம். தேதி, வயது, ஆணா பெண்ணா, குடல் எவ்வளவு சுத்தம் (பாஸ்டன் அளவுகோலில் 9க்கு எத்தனை), சீக்கம் தொட்டீர்களா, வெளியே வர எத்தனை நிமிடம், பாலிப், பத்தாலஜி (திசுப் பரிசோதனை) முடிவு. எண் குறைவாக இருந்தால் வெட்கப்படாமல் நல்ல எண் உள்ள ஒருவரின் அறையில் போய் அவர் வெளியே எடுப்பதை மட்டும் ஒரு காலை முழுக்கப் பாருங்கள். உள்ளே போவதைப் பார்த்துப் பயனில்லை.

வயிற்றைச் சுத்தம் செய்வது உங்கள் வேலையும்தான்

பேதி மருந்து விஷயத்தை நர்ஸிடமும் அச்சிட்ட தாளிடமும் விட்டுவிடுகிறோம். நான் வேலை செய்த ஓரிடத்தில் அந்தத் தாள் நான்கு பக்கம், பொடி எழுத்து, ஆங்கிலம் மட்டும். ஒரு வியட்நாமியப் பெரியவர் மாலையில் பாதி மருந்தைக் குடித்துவிட்டு, நன்றாகப் போய்விட்டதே என்று மீதியை வைத்துவிட்டார். குடல் பார்க்க முடியவில்லை, மறுபடி தேதி கொடுத்தோம், அவர் திரும்ப வரவே இல்லை. அவரை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை. தாளை அதற்குப் பிறகுதான் மாற்றினோம்: ஒரு பக்கம், படங்களோடு, அவரவர் மொழியில், "இரண்டாவது பாதிதான் முக்கியம்" என்று பெரிய எழுத்தில்.

மருந்தை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். முதல் பாதி முந்தின நாள் மாலை, இரண்டாம் பாதி பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு தொடங்கி, 2 மணி நேரம் முன்பு முடித்துவிட வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு எழ வேண்டியிருக்கும் என்றால் அதை முன்கூட்டியே முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நம் ஆட்கள் வந்தால் "லோ ரெசிட்யூ" (குடலில் சக்கை தங்காத சாப்பாடு) என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. வெள்ளைச் சோறு, தயிர், இட்லி, ரசத்தெளிவு சரி. கீரை, முருங்கைக்காய், சுண்டல், கொய்யா, தக்காளி விதை, எள்ளு, தாளித்த கடுகு வேண்டாம். பரிசோதனைக்கு முந்தின நாள் எந்த வேளையோடு சாப்பாட்டை நிறுத்த வேண்டும் என்பதையும் இதே மாதிரி வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள்.

யாரும் பேசாத இன்னொரு தடை, வீட்டுக்கு யார் கூட்டிப்போவது. மயக்க மருந்து கொடுத்தால் துணைக்கு ஆள் இல்லாமல் அனுப்ப மாட்டோம். தனியாக வாழ்பவர், இரண்டு வேலை பார்ப்பவர், லீவு போட்டால் கூலி போகிற பிள்ளைகளைக் கொண்டவர் இந்த ஒரு காரணத்துக்காகவே வராமல் போகிறார். தேதி கொடுக்கும்போதே "யார் வருவார்கள்?" என்று கேளுங்கள். யாரும் இல்லையென்றால் மயக்கம் இல்லாமல் செய்யலாம், அல்லது ஃபிட் என்கிற மலப் பரிசோதனையைக் கொடுக்கலாம், அதை அடுத்துச் சொல்கிறேன்.

ஃபிட், பட்டியல், போன்

ஃபிட் என்பது மலத்தில் கண்ணுக்குத் தெரியாத மனித இரத்தத்தைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை. வீட்டிலேயே குச்சியால் எடுத்து, குப்பியில் போட்டுத் தபாலில் அனுப்பலாம். சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை, வருடம் ஒருமுறை. ஸ்கோப் பழகிய மருத்துவர்கள் பலர் இதை மட்டமாகப் பார்க்கிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜான் இனடோமியின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு என் எண்ணத்தை மாற்றியது: கொலனோஸ்கோபி மட்டும்தான் என்று சொல்லப்பட்டவர்களில் 38 சதவீதம் பேரே செய்துகொண்டார்கள். மலப் பரிசோதனை என்று சொன்னால் 67, இரண்டில் எது வேண்டுமோ தேர்ந்தெடுங்கள் என்றால் 69. செய்துகொள்கிற பரிசோதனைதான் நல்ல பரிசோதனை.

வடக்குக் கலிஃபோர்னியாவில் இன்சூரன்ஸும் மருத்துவமனைகளும் சேர்ந்த கைசர் பெர்மனென்ட்டே என்ற நிறுவனத்தில் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். யார் யாருக்குப் பரிசோதனை பாக்கி என்று கணினியில் பட்டியல் எடுத்து, கேட்காமலேயே வீட்டுக்கு ஃபிட் அனுப்பினார்கள், திரும்பி வராதவர்களுக்கு நினைவூட்டினார்கள். 2000இல் 39 சதவீதமாக இருந்த ஸ்கிரீனிங் 2015இல் கிட்டத்தட்ட 83 ஆனது. அதே காலத்தில் இந்தப் புற்றுநோயால் இறப்பவர்களின் விகிதம் 52 சதவீதம் குறைந்தது. டெலவேர் மாநிலம் 2002இல் தொடங்கிய திட்டத்தில் இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்குச் செலவை ஏற்று, ஒவ்வொருவரையும் கைபிடித்துக் கூட்டிவர நர்ஸ்களை வைத்தது. கறுப்பின மக்களின் ஸ்கிரீனிங் 48இலிருந்து 74 சதவீதம் ஆகி, வெள்ளையர்களுடன் இருந்த இடைவெளியே மூடிவிட்டது.

ரெசிடென்சி முதல் வருடத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்ன வேலை இதுதான். உங்கள் கிளினிக்கில் ஃபிட் வாங்கிப்போய்த் திருப்பித் தராதவர்கள் எத்தனை பேர், பாசிட்டிவ் வந்தும் கொலனோஸ்கோபிக்கு வராதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இரண்டாவது கூட்டம் அவசரம். பாசிட்டிவ் வந்து 10 மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பும், முற்றிய நிலையில் இருக்கும் வாய்ப்பும் கூடுகின்றன என்று கைசரின் தரவே காட்டியிருக்கிறது. "மூலம்தான் டாக்டர், அதனால்தான் இரத்தம்" என்பார்கள். "மறுபடி ஒரு ஃபிட் செய்து பார்க்கலாமா?" என்பார்கள். கூடாது. ஒருமுறை பாசிட்டிவ் என்றால் கொலனோஸ்கோபிதான். பில் வருமோ என்று பயப்படுபவர்களிடம் சொல்லுங்கள்: ஃபிட்டுக்குப் பின் செய்கிற கொலனோஸ்கோபியையும் ஸ்கிரீனிங்கின் பகுதியாகக் கருதி, நோயாளியிடம் பங்குத்தொகை கேட்காமல் ஏற்க வேண்டும் என்று 2022 நடுவிலிருந்து பெரும்பாலான தனியார் இன்சூரன்ஸுக்கு விதி வந்துவிட்டது.

இரத்தப் பரிசோதனை பற்றியும் கேட்பார்கள். 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒன்று புற்றுநோயை 83 சதவீதம் கண்டுபிடிக்கிறது, ஆனால் புற்றாக மாறக்கூடிய பெரிய பாலிப்புகளை 13 சதவீதம்தான். நம் வேலை அந்தப் பாலிப்பைப் பிடிப்பதுதானே. ஒன்றுமே செய்துகொள்ள மாட்டேன் என்பவருக்கு அதைக் கொடுங்கள், மற்றவர்களுக்கு முதல் தேர்வாகச் சொல்லாதீர்கள்.

குடும்பக் கதையைக் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்

1895இல் மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்தின் என்ற பத்தாலஜி மருத்துவரிடம் ஒரு தையல்காரப் பெண், தன் குடும்பத்தில் எல்லோரும் குடல், கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறக்கிறார்கள், தானும் அப்படித்தான் சாவேன் என்று சொன்னார். அப்படியே நடந்தது. வார்தின் அந்தக் குடும்பத்தை எழுதிவைத்தார். பிறகு பல பத்தாண்டுகள் ஹென்றி லிஞ்ச் இப்படிப்பட்ட குடும்பங்களைத் தேடித் தேடி ஆராய்ந்ததால், பரம்பரையாக வரும் இந்தப் பாதிப்பு லிஞ்ச் சிண்ட்ரோம் ஆயிற்று. குடல் புற்றுநோய்களில் சுமார் 3 சதவீதம் அதனால் வருபவை. அந்தக் குடும்பத்தினருக்கு 20 முதல் 25 வயதிலேயே கொலனோஸ்கோபி தொடங்கி ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும்.

"குடும்பத்தில் யாருக்காவது கேன்சர் உண்டா?" என்று கேட்டால் நம் வீடுகளில் "அதெல்லாம் இல்லை" என்றுதான் பதில் வரும். பெரியப்பா எப்படிப் போனார் என்று கேளுங்கள். "வயிற்றில் கட்டி", "குடல் அடைப்பு" என்பார்கள். அத்தைக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்களே, எதற்கு என்று கேளுங்கள், லிஞ்சில் கர்ப்பப்பைப் புற்றுநோயும் கணக்கில் வரும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே தோன்றும் பாலிப் நோயும் உண்டு. மாமன் மகள், அத்தை மகன் திருமணம் நடக்கும் குடும்பங்களில் அதையும் மனதில் வையுங்கள். பெற்றோர், உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு 60 வயதுக்கு முன் குடல் புற்றுநோய் வந்திருந்தால், 40 வயதிலோ அவருக்கு வந்த வயதுக்கு 10 வருடம் முன்போ, எது முந்தியோ அப்போது தொடங்க வேண்டும். என்னைக் கூப்பிட்ட பெண்ணின் அப்பாவுக்கு நோய் தெரிந்தது 50இல். அவளுக்கு இப்போது 27, இன்னும் 13 வருடம் இருக்கிறது. ஆனால் அவள் அப்பாவின் கட்டியில் லிஞ்சுக்கான பரிசோதனை செய்தார்களா என்று கேட்டேன். தெரியாதாம். செய்திருந்து அது லிஞ்ச் என்று வந்திருந்தால் கணக்கே வேறு. பழைய பத்தாலஜித் துண்டு பத்திரமாக இருக்கிறதா என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறாள்.

இளம் வயதில் வரும் குடல் புற்றுநோய் கூடிக்கொண்டே வருகிறது. அதனால்தான் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2018இலும், அரசின் தடுப்பு மருத்துவக் குழு 2021இலும் தொடங்கும் வயதை 50இலிருந்து 45 ஆக இறக்கின. நடிகர் சாட்விக் போஸ்மன் 2020இல் இறந்தபோது வயது 43. புதிய விதியும் அவரை எட்டியிருக்காது. எனவே 30 வயதுக்காரர் மலத்தில் இரத்தம் என்று வந்தால் "சூடு", "மூலம்" என்று களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். இரும்புச்சத்து குறைந்திருக்கிறதா பாருங்கள், விரல் வைத்துப் பாருங்கள், நிற்காவிட்டால் ஸ்கோப் போடுங்கள். அது ஸ்கிரீனிங் இல்லை, நோயைத் தேடுவது, வயது விதி அதற்குப் பொருந்தாது.

வேண்டாம் என்று சொல்லவும் தெரிய வேண்டும்

அமெரிக்காவில் செய்த வேலைக்குத்தான் பணம். ஒன்றிரண்டு சின்ன அடினோமா எடுத்தவருக்கு 7 முதல் 10 வருடம் கழித்துப் பார்த்தால் போதும் என்று 2020இலிருந்து வழிகாட்டுதல் இருக்கிறது, ஆனாலும் 3 வருடம், 5 வருடம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராக ஆகாதீர்கள். தேவையில்லாமல் வரும் ஒருவர் எடுத்துக்கொள்கிற இடம், பாசிட்டிவ் ஃபிட்டோடு இரண்டு மாதமாகக் காத்திருக்கும் இன்னொருவரின் இடம். 82 வயதுப் பாட்டியைப் பிள்ளைகள் கூட்டிவந்து "முழுசா செக் பண்ணிடுங்க" என்பார்கள். 76க்கு மேல் உடல்நிலை, முன்பு செய்த பரிசோதனைகள் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனியாக முடிவெடுக்க வேண்டும், 85க்கு மேல் ஸ்கிரீனிங் வேண்டாம். உட்கார்ந்து, பொறுமையாக, ஏன் வேண்டாம் என்று சொல்ல 20 நிமிடம் ஆகும். செய்துவிடுவதற்கும் அதே 20 நிமிடம்தான், அதற்குப் பணமும் வரும். இருந்தாலும் சொல்லுங்கள்.

2022இல் ஐரோப்பாவில் நார்டிக் ஆய்வு வந்தபோது கொலனோஸ்கோபியால் பயனே இல்லை என்று செய்திகள் பறந்தன. கொலனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டவர்களிடம், அழைக்கப்படாதவர்களைவிட, 10 வருடத்தில் புற்றுநோய் 18 சதவீதம் குறைந்தது, இறப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அழைக்கப்பட்டவர்களில் உண்மையில் வந்து செய்துகொண்டவர்கள் 42 சதவீதம்தான். நோயாளி இதைப் பற்றிக் கேட்டால் மழுப்பாதீர்கள், இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதல் வேலையில் சேரும்போது

சம்பளத்துக்கு முன் இதைக் கேளுங்கள்: ஒரு கொலனோஸ்கோபிக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார்கள்? 20 என்றால் 8 நிமிடம் பொறுமையாக வெளியே வர எங்கே நேரம்? ஒவ்வொரு மருத்துவரின் ஏ.டி.ஆரையும் அளக்கிறார்களா, உங்களுக்குக் காட்டுவார்களா? பாசிட்டிவ் ஃபிட் வந்தவர்களைப் பின்தொடர ஆள் இருக்கிறாரா, அவர் பெயர் என்ன? கடைசிக் கேள்விக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள் என்றால் அந்த வேலை உங்கள் தலையில்தான் விழும், தெரிந்தே சேருங்கள். படுக்கை உயரத்தையும் திரையையும் உங்கள் உயரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இடது கட்டைவிரல், கழுத்து, இடுப்பு மூன்றும் இந்த வேலையில் முதலில் தேய்பவை.

அதெல்லாம் ஆறேழு வருடம் கழித்து. ரெசிடென்சியில் இருப்பவர்கள் இந்த வாரமே கிளினிக் நர்ஸிடம் போய், ஃபிட் வாங்கிப்போய்த் திருப்பித் தராதவர்களின் பட்டியலைக் கேளுங்கள். முதல் 10 பேரை நீங்களே கூப்பிடுங்கள். பகலில் கூப்பிட்டால் வேலையில் இருப்பார்கள், எடுக்க மாட்டார்கள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் கூப்பிடுங்கள். டப்பா எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், பெரும்பாலும் குளியலறை அலமாரியில்தான் பிரிக்காமல் இருக்கும். போனை வைக்காமல் எடுத்துவரச் சொல்லி, கூடவே பிரிக்கச் சொல்லுங்கள்.